எதை மாற்றுவது, எதை விடுவது?



மாணவர்களுக்குப் பயன்படும் விஷயம் ஏதேனும் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பேச வந்தால் ஒழுக்கத்தைப் பற்றியோ காலத்தின் அருமையைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மோட்டார் வண்டியின் கிளட்ச். அதைப் பழுது பார்க்கும்போது எந்த உறுப்பை மாற்ற வேண்டும், எதை மாற்றாமல் விடலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் மெக்கானிக் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன். உராய்வு என்னும் பாடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதி அழித்தவன். ஆனால் அந்த உராய்வு ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோற்றோடு எவ்வாறு சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் கற்றேன். அதுவும் நானே சொன்ன தவறான யோசனை ஒன்றினால் கற்றேன். ஆகையால், இன்று உங்களிடம் பாடம் சொல்லுகிறவனாக மட்டும் அல்லாமல், பாடம் கேட்டவனாகவும் பேசுகிறேன்.

எங்கள் ஊர் அனுப்பம்பட்டு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் ரயில் பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே இருப்பது. அங்கிருந்து வடகிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஏரி என்பது வழக்கே தவிர, அது முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலந்து நிற்கும் உப்பங்கழி. இறாலும் நண்டும் மடவையும் அந்த நீரின் செல்வம். முற்காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகுகள் இந்தப் பகுதியைச் சென்னையோடு இணைத்தன. இன்று மீனும் இறாலும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பெட்டிகளில் அடுக்கப்பட்டுச் சிறு சரக்கு வண்டிகளில் நகரத்துக்குப் போகின்றன. ஐஸ் உருகுவதற்கு முன் வண்டி சந்தையை அடைந்தால் ஒரு விலை. உருகிய பின் அடைந்தால் வேறு விலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அப்படி ஒரு வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டி வருகிறார். கடன் வாங்கி வாங்கிய வண்டி. ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கூச்சல் போடுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. பட்டறையில் காட்டினேன். கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிற்று, செட்டாகவே மாற்றிவிடு என்கிறார்கள். என்னிடம் பிளேட்டுக்குத்தான் பணம் இருக்கிறது. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

மாணவர் கேட்டால் ஆசிரியனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. "தேய்ந்தது பிளேட் என்றால் பிளேட்டை மாற்று, தம்பி. தேயாததை ஏன் மாற்ற வேண்டும்? ஒரு பக்கம் கிழிந்தால் புத்தகத்தையே எறிந்துவிடுவார்களா?" என்றேன். பள்ளிக்கூடத்துச் சிறு நிதியில் ஒவ்வோர் ஓடாக மாற்றிக் கூரையைக் காத்துப் பழகிய கை என்னுடையது. அந்தச் சிக்கனமே புத்திசாலித்தனம் என்று எண்ணியிருந்தேன். அவரும் என் சொல்லை நம்பிப் பிளேட்டை மட்டும் மாற்றிக்கொண்டார்.

சரியாக இரண்டு மாதம் ஓடிற்று. ஒரு விடியற்காலையில் என் தொலைபேசி ஒலித்தது. "ஐயா, பாதி வழியில் நிற்கிறேன். இறால் ஏற்றியிருக்கிறேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எனக்கு வேதனையாக இருந்தது. வேறு வண்டி தேடிப் பிடித்துப் பெட்டிகளை மாற்றி ஏற்றிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது விற்பனை முடியும் நேரம். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டாவது வண்டிக்கு வாடகையும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வண்டி பட்டறையில் நின்ற நாட்களில் வருமானமும் இல்லை. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

நேயர்களே, என் யோசனை எங்கே தவறியது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் முதலில் கிளட்ச் என்பது யாது என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டியோ நிற்க வேண்டும், புறப்பட வேண்டும், கியர் மாற வேண்டும். ஓடுவதையும் நிற்பதையும் முரட்டுத்தனமாக இணைத்தால் ஏதேனும் ஒன்று உடையும். ஆகவே, வேண்டும்போது மெல்லச் சேர்த்து, வேண்டாதபோது பிரித்து வைக்கும் ஒரு நடுவர் தேவை. 1891-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் பானார் லெவாசோர் நிறுவனத்தார் முன்புறம் எஞ்சின், அதன் பின் கிளட்ச், அதன் பின் கியர்ப் பெட்டி, பின்சக்கரங்களுக்கு ஓட்டம் என்று ஒரு வரிசையை அமைத்தார்கள். நம் சரக்கு வண்டிகளிற் பெரும்பாலானவை இன்றும் அந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. தொடக்க காலக் கிளட்சுகள் பலவற்றில் உராய்வுக்குத் தோலை ஒட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில் 1897-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் குதிரை வண்டிகளின் பிரேக்குக்கு ஏற்ற உராய்வுப் பட்டைகளைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அத்தகைய பட்டைகள் வளர்ந்து பின்னர் மோட்டார்களின் பிரேக்குகளுக்கும் கிளட்சுகளுக்கும் வந்தன. நம் ரயில் பாதையிலேயே இருக்கும் எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலையை நீங்கள் அறிவீர்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனம் அது. அங்கிருந்து வெளிவந்த லாரிகளோடு கிளட்ச், கியர், பேரிங் என்னும் சொற்களும் நம் ஊர்ப் பேச்சில் கலந்து தமிழ்ச் சொற்களைப்போல் ஆகிவிட்டன. ஆகையால், அச்சொற்களையே நானும் கையாளுகிறேன்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே ஒரு தடித்த துணியை வையுங்கள். தட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துணியை இழுக்கச் சொல்லுங்கள், வராது. பிடியைத் தளர்த்துங்கள், எளிதாக வந்துவிடும். வண்டியில் ஒரு தட்டு பிளைவீல். அது எஞ்சினோடு சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம். இன்னொரு தட்டு பிரஷர் பிளேட். வலிமையான ஸ்பிரிங்கோடு பிளைவீலில் திருகப்பட்டிருக்கும். நடுவே இருக்கும் துணிதான் கிளட்ச் பிளேட்; இரு முகத்திலும் உராய்வுப் பட்டை ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் நடுத்துளை கியர்ப் பெட்டியிலிருந்து வரும் தண்டில் கோத்திருக்கும். காலால் மிதித்தால் ஒரு கவை அசைந்து, ரிலீஸ் பேரிங் என்னும் பேரிங்கைத் தள்ளுகிறது, அது ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது, பிடி தளர்கிறது. காலை எடுத்தால் மறுபடி இறுகுகிறது. இவ்வளவுதான் இயக்கம்.

கல்லூரி மாணவர்களுக்காக ஒரு கணக்கும் சொல்லுகிறேன். எண்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. ஸ்பிரிங் அழுத்தும் விசை 2000 நியூட்டன் என்க. அது ஏறக்குறைய 200 கிலோ பாரத்துக்குச் சமம். உராய்வுக் கெழு 0.3. பட்டையின் சராசரி ஆரம் 7.5 சென்டிமீட்டர், அதாவது 0.075 மீட்டர். உராயும் முகங்கள் 2. இந்த நான்கையும் பெருக்கினால் 90 நியூட்டன் மீட்டர் வரும். நழுவாமல் கடத்தக்கூடிய மிகுதியான திருப்பு விசை அது. எஞ்சின் தருவது 60 என்றால், ஒன்றரை மடங்கு தாங்கும் வலிமை இருக்கிறது; கவலை இல்லை. இப்போது பட்டையில் எண்ணெய் பட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். கெழு 0.3 என்பது 0.1 ஆகிவிட்டால் 90 என்பது 30 ஆகிவிடும். எஞ்சின் தரும் 60-ஐ அந்தக் கிளட்சால் கடத்த முடியாது. பிளேட் நழுவும்; எஞ்சின் கூச்சலிடும்; கடத்த முடியாத உழைப்பு வெப்பமாகிப் பட்டையைக் கருக்கும்.

பிளேட் புத்தம் புதியது என்பதால் இந்தக் கணக்கு மாறிவிடுமா? மாறாது. என் மாணவரின் வண்டியில் நடந்தது இதுதான்.

இரண்டாம் முறை வண்டியைப் பொன்னேரிப் பக்கத்தில் வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனோம். நானும் உடன் போனேன். போக வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அவர் கியர்ப் பெட்டியை இறக்கி, உறுப்புகளை ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். இரண்டு மாதப் பிளேட்டின் ஓரம் பளபளவென்று எண்ணெயில் நனைந்திருந்தது. அவர் அந்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தார். எனக்கு வியப்பாக இருந்தது. "இங்கே இரண்டு பக்கத்திலிருந்து எண்ணெய் வரலாம், சார். முன்பக்கம் எஞ்சின் ஆயில், பின்பக்கம் கியர் ஆயில். கியர் ஆயில் என்றால் தடிப்பாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். இது எஞ்சின் ஆயில். பின் ஆயில் சீல் போய்விட்டது" என்றார். ரசாயனப் பரிசோதனைச் சாலையில் நான் மாணவர்களுக்குக் கற்பித்த முறையல்லவா அது!

எஞ்சினின் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாதபடி தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அதன் விலை சில நூறு ரூபாய். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும், பிளைவீலையும் கழற்ற வேண்டும். முதல் முறை எல்லாம் திறந்து கிடந்தபோது அந்த வளையம் கண்ணுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பழைய பிளேட் ஏன் நழுவிற்று என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். நோய்க்குக் காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டு, நோயாளியின் சட்டையை மட்டும் மாற்றினோம்.

இப்போது நான் மறு எல்லைக்குப் போனேன். "மேஸ்திரி, இனிமேல் ஒன்றையும் விட வேண்டாம். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "எல்லாவற்றையும் மாற்றுவதற்கு மேஸ்திரி எதற்கு, சார்? பார்த்துச் சொல்லுகிறேன்" என்றார். அவர் பார்த்த விதத்தை நான் வீட்டுக்கு வந்து என் குறிப்பேட்டில் மூன்று கேள்விகளாக எழுதிக்கொண்டேன். முதற் கேள்வி: இந்த உறுப்பு தேய்வதற்கென்றே அமைந்ததா? இரண்டாவது: இது இருக்கும் இடம் உள்ளேயா, வெளியேயா? அதாவது, பெட்டியை மறுபடி இறக்காமல் இதை எட்ட முடியுமா? மூன்றாவது: அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது? இந்த மூன்றையும் கொண்டு ஒவ்வோர் உறுப்பாகப் பார்ப்போம்.

கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே பிறந்தது. இருக்கும் இடமும் உள்ளே. பெட்டியை இறக்கியபின் பழைய பிளேட்டை மறுபடி போடுவது அரிதாகவே அறிவுடைமையாகும். பட்டையின் மேற்பரப்பிலிருந்து ரிவெட்டின் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். எல்லை அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ரிவெட் தலை மேலே வந்துவிட்டால் அது பிளைவீலைக் கீறிப் பள்ளமாக்கிவிடும்.

பிரஷர் பிளேட் அடுத்தது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பிளேட் தேய்ந்த காலமெல்லாம் இதுவும் உராய்ந்து சூடேறியிருக்கிறது. ஸ்பிரிங் விரல்களின் நுனியில் ரிலீஸ் பேரிங் உரசிய தடம் பள்ளமாக இருக்கிறதா, விரல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, உராயும் முகத்தில் நீலம் பாய்ந்த இடங்களும் மயிரிழை வெடிப்புகளும் உண்டா என்று பார்க்க வேண்டும். நீலம் என்பது இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறியதன் அடையாளம். எங்கள் வண்டியில் மூன்று குறைகளும் இருந்தன.

ரிலீஸ் பேரிங் மூன்றாவது. வானொலி கேட்கும் உங்களுக்குக் காதைப் பயன்படுத்தத் தெரியும். ஆகவே இதைக் காதால் அறியும் வழி சொல்லுகிறேன். எஞ்சின் ஓட, வண்டி நியூட்ரலில் நிற்க, கிளட்சை மிதித்தவுடன் கிறீச்சென்று ஓசை தோன்றினால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கின் குரல். மிதிக்காதபோது ஓசை கேட்டு, மிதித்தால் நின்றுபோனால், அது பெரும்பாலும் கியர்ப் பெட்டியின் முன் தண்டில் உள்ள பேரிங்கின் குரல். பேரிங்கைக் கையில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாலும் சொரசொரப்புத் தெரியும். இதை மண்ணெண்ணெயில் கழுவிச் சுத்தம் செய்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு. அது பெருந்தவறு. ஆயுள் முழுவதற்குமாக உள்ளே கிரீஸ் வைத்து மூடிய பேரிங் அது. கழுவினால் கிரீஸ் கரைந்து போய்விடும். சிறிய விலை, உள்ளே இருக்கும் இடம், ஓயாத உழைப்பு ஆகிய இவை மூன்றும் சேர்ந்தால் மாற்றுவதே முறை.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் சேர்த்தே கடைகளில் கிளட்ச் செட் என்று விற்கிறார்கள். ஒரே அறையில் ஒரே காலம் உழைத்து ஒரே வெப்பத்தைத் தாங்கியவை என்பதனால் அது வியாபாரத் தந்திரம் மட்டும் அன்று; நியாயமும் உண்டு. முதல் பட்டறையார் செட்டை மாற்றச் சொன்னது சரி. தடுத்தவன் நான்.

இனி, பலர் மறந்துவிடும் சிறு உறுப்புகள். பின்சக்கர ஓட்டமுள்ள வண்டிகள் பலவற்றில், கியர்த் தண்டின் முன்நுனி எஞ்சின் தண்டின் நடுக்குழியில் ஒரு சிறு பேரிங்கிலோ பித்தளைப் புஷ்ஷிலோ உட்கார்ந்திருக்கும். அதற்குப் பைலட் பேரிங் என்று பெயர். எல்லா வண்டிகளிலும் இது இராது; இருக்கும் வண்டியில் மாற்றிவிட வேண்டும். அடுத்து இரண்டு ஆயில் சீல்கள்: எஞ்சினின் பின்பக்கத்தது ஒன்று, கியர்ப் பெட்டியின் முன்பக்கத்தது ஒன்று. கசிந்தால் ஐயமின்றி மாற்ற வேண்டும். கசியாவிட்டாலும், வண்டி நெடுந்தூரம் ஓடியிருந்தால், திறந்திருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. பிளைவீலைப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சில எஞ்சின்களில் ஒருமுறைதான் முறுக்க வேண்டும். கழற்றினால் புதியவை போட வேண்டும் என்று அந்த வண்டியின் கையேடு சொல்லும். கையேட்டின் சொல்லை மீறக் கூடாது.

இதுவரை மாற்றுவதையே சொன்னேன். மாற்றாமல் விட்டதையும் சொல்ல வேண்டும் அல்லவா? பிளைவீல் விலை மிகுந்த உறுப்பு. அதையும் புதிதாக வாங்கிவிடலாம் என்று நான் பர்ஸைத் திறந்தேன். மேஸ்திரி அளவு காட்டும் கடிகாரக் கருவி ஒன்றைப் பொருத்தி, பிளைவீலை மெல்லச் சுற்றி முள் எவ்வளவு அசைகிறது என்று பார்த்தார். முகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தார். "வெடிப்பு இல்லை, கோணலும் எல்லைக்குள் இருக்கிறது. லேத் பட்டறையில் முகத்தை ஒரு மயிரளவு கடைந்தால் போதும்" என்றார். கடைவதற்கும் ஓர் எல்லை உண்டு; தடிப்பு குறைந்துபோனால் பிளைவீல் கழிவுதான். டீசல் கார்கள் சிலவற்றில் உள்ளே ஸ்பிரிங் வைத்து இரு பகுதியாகச் செய்த பிளைவீல் வருகிறது. அதைப் பெரும்பாலும் கடைய இயலாது. எங்கள் சிறு வண்டியின் பிளைவீல் ஒற்றை இரும்பு. அது கடைசலில் பிழைத்தது. என் பணமும் பிழைத்தது.

கவையும் மாற்றப்படவில்லை. ஐஸ் நீரும் உப்புக்காற்றும் பட்டு அதன் அச்சில் துரு ஏறியிருந்தது. சுரண்டித் துடைத்து, உரிய கிரீஸை அளவாகத் தடவினார். மிகுதியாகத் தடவினால் அதுவும் பட்டையில் தெறிக்கும் என்றார். கேபிளோ வெளியே இருப்பது. அதை எந்த நாளும் பெட்டியை இறக்காமலே மாற்றலாம். ஆகவே இரண்டாவது கேள்வியின்படி அது காத்திருக்கலாம். ஆனால் இழை பிரிந்திருந்ததனால் மூன்றாவது கேள்வியின்படி மாற்ற வேண்டியதாயிற்று. கேபிளுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் உள்ள வண்டிகளில், மிதியோடு இணைந்த சிலிண்டர் வெளியே இருக்கும், அது காத்திருக்கும். சில வண்டிகளில் மற்றொரு சிலிண்டரை ரிலீஸ் பேரிங்கோடு சேர்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அப்படியானால் அதுவும் உள்ளே இருக்கும் உறுப்புதான். இப்போதே மாற்ற வேண்டும்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரப்போகும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிளட்ச் அறைக்குள் சேர்ந்திருக்கும் பொடியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது; அதன் நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோயையும் விளைவிக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. எந்தப் பட்டையில் எது இருந்தது என்று பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே முறை.

இறுதியாக, புதிய பிளேட்டை நடுத்தண்டுக்கு நேராக ஒரு கட்டை வைத்து நிறுத்தி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒரு பக்கமாக முறுக்காமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, கையேடு சொல்லும் இறுக்கத்தில் நிறுத்தினார். வேலை முடிந்ததும் என் மாணவரைப் பார்த்து, "தம்பி, முதல் சில நூறு கிலோமீட்டர் அதிக பாரம் ஏற்றாதே. ஏரிக்கரை மணலில் சக்கரம் புதைந்தால் அரைக் கிளட்சில் உறுமிக்கொண்டு நிற்காதே. இறங்கிப் பலகை போடு. கால் எப்போதும் மிதியின் மேல் கிடக்கக் கூடாது" என்றார். காரணம் எங்கே தொடங்குகிறது என்று அவர் கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டார். ஆயில் சீல் ஒரு காரணம். மணலும் பழக்கமும் இன்னொரு காரணம். மாற்ற வேண்டிய உறுப்புகளின் பட்டியலில் ஓட்டுகிறவரின் காலும் இருந்தது!

அந்தச் செலவில் பாதியை நான் கொடுத்தேன். என் மாணவர் வாங்க மறுத்தார். "பிழையான விடைக்கு மதிப்பெண் கொடுத்தவன் நான். திருத்திக்கொள்ள விடு, தம்பி" என்று சொன்ன பிறகே பெற்றுக்கொண்டார்.

நேயர்களே, மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் பெருகி வருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் கிளட்சே இல்லை. இன்று பள்ளியில் இருக்கும் சிறுவர்களிற் பலர் கிளட்ச் மிதியைத் தொடாமலே வண்டி ஓட்டப் பழகலாம். ஆனால் மூடிய பெட்டிக்குள் தேயும் உறுப்புகள் உள்ளவரைக்கும் அந்த மூன்று கேள்விகளும் இருக்கும். தேய்வதா, எட்டுமா, அளந்தாயா? மலிவாக முடிக்க வேண்டும் என்று நான் விட்டது சில நூறு ரூபாய் வளையத்தை. இழந்தது ஒரு வண்டி இறாலை. அச்சத்தால் எல்லாவற்றையும் மாற்ற முனைந்தபோது, வீணாக இருந்தது நல்ல பிளைவீல் ஒன்று. இரண்டு முறையும் நான் பார்க்காமலே முடிவு செய்தேன். மேஸ்திரி பார்த்த பிறகு முடிவு செய்தார். எங்கள் இருவருக்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே.

இப்போதும் விடியுமுன் நான் நடக்கப் போகையில் அந்த வண்டி ஐஸ் நீரைச் சொட்டிக்கொண்டு என்னைக் கடந்து போகும். ஓட்டுகிறவர் கையை உயர்த்துவார். நான் வண்டியின் ஓசையைக் கேட்டுப் பார்ப்பேன். கிறீச்சென்ற சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகே நானும் கையை உயர்த்துவேன்.